வெட்டுக்கிளியை வயலில் நின்று தடுக்க முடியாது

2020ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், குருநாகல் மாவட்டத்தின் மாவத்தகமப் பகுதியில் வெட்டுக்கிளிகள் கூட்டமாக இருந்து தோட்டப் பயிர்களைத் தின்பதாகச் செய்தி வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரத்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேலாக வெட்டுக்கிளிப் படை பறந்து போன படங்களைப் பலரும் பார்த்திருந்தார்கள். ஆகவே, "இங்கேயும் வந்துவிட்டது" என்ற பயம் ஊர்களில் பரவியது. விவசாயத் திணைக்களத்தினர் பார்வையிட்டு, இது எமது நாட்டில் முன்பிருந்தே உள்ள மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி, இந்தியாவில் அழிவு செய்துகொண்டிருப்பது வேறு இனம் என்று தெளிவுபடுத்தினார்கள். மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி பறப்பதில் மந்தமானது. கடல் கடக்கும் சாதியல்ல.

இந்தியாவைத் தாக்கியது பாலைவன வெட்டுக்கிளி. அதன் வழக்கமான பாதையில் இலங்கை இல்லை. அப்படியிருக்க, எமது வாசகர்களுக்கு அதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இந்தப் பூச்சியின் பெருக்கத்தை முளையிலேயே கிள்ளுவதற்கு நாடுகள் நூறு வருடமாகத் தேடிக் கண்ட வழி மிகவும் எளிமையானது. யாரும் குடியிராத நிலத்தைப் போய்ப் பார்ப்பது, பார்த்ததை அயல்நாட்டுக்கு உடனே சொல்வது, பூச்சி சிறிதாக இருக்கும்போதே அழிப்பது. இவ்வளவுதான். காணியை விட்டு ஓடி வந்தவர்களுக்கும், பல வருடங்களுக்குப் பின் திரும்பிப் போய் வீட்டு வளவைப் பற்றைக் காடாகக் கண்டவர்களுக்கும், யாரும் பார்க்காத நிலத்தில் என்னவெல்லாம் பெருகும் என்பதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூச்சி ஒன்று, குணம் இரண்டு

எமது ஊர்களில் தத்துவெட்டி என்று சொல்லப்படும் சாதாரணப் பூச்சிகளைப் போலவே பாலைவன வெட்டுக்கிளியும் பெரும்பாலான காலத்தில் ஒன்றொன்றாகத் தனியே வாழ்கிறது. மேற்கு ஆபிரிக்காவின் மொறிற்றேனியாவிலிருந்து இந்தியாவின் ராஜஸ்தான் வரை, ஏறத்தாழ 30 நாடுகளின் வறண்ட நிலங்களில் அது எப்போதும் இருக்கிறது. அப்போது அதனால் யாருக்கும் தொல்லையில்லை. மணலின் நிறத்தில், கண்ணுக்கும் படாமல், இரவிலே பறந்து திரியும்.

நல்ல மழை பெய்தால் கதை மாறுகிறது. பெட்டைப் பூச்சி ஈரமான மணலில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் முட்டைகளை இடும். ஒரு முட்டைக்கூட்டில் ஏறத்தாழ 80 முதல் 150 வரை முட்டைகள் இருக்கும். வெப்பமான காலத்தில் இரண்டு வாரமளவில் அவை பொரிக்கின்றன. பொரித்த குஞ்சுக்கு இறகில்லை. தத்தித் தத்தித்தான் செல்லும். ஐந்து தரம் தோல் கழற்றி, ஐந்தாறு வாரத்தில் இறகு முளைக்கிறது. காலநிலை தொடர்ந்து வாய்ப்பாக இருந்தால் மூன்று மாதத்தில் 20 மடங்காகவும், ஆறு மாதத்தில் 400 மடங்காகவும், ஒன்பது மாதத்தில் 8,000 மடங்காகவும் பெருகக்கூடியது என்பது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்கு. வட்டிக்கு வட்டி கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

மழைக்குப் பின் நிலம் திரும்பக் காயத் தொடங்கும்போது, எஞ்சிய பச்சைத் திட்டுகளில் பூச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு சேர்கின்றன. ஒன்றின் பின்னங்கால் மற்றொன்றில் ஓயாமல் உரசுகிறது. அந்த உரசலே அதன் குணத்தை மாற்றிவிடுகிறது. சில மணி நேரத்திலேயே தனிமையை விரும்பிய பூச்சி கூட்டத்தை நாடத் தொடங்கும். அதன் பின் வரும் தலைமுறையில் நிறமும் உடலமைப்பும்கூட மாறிவிடும். இந்த மாற்றம் அவ்வளவு பெரியது. அக்காலத்தில் ஆராய்ச்சியாளர்களே இவற்றை இரு வேறு இனங்கள் என்று எண்ணியிருந்தார்கள். போரிஸ் உவாரோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானிதான் 1921ஆம் ஆண்டில், வேறொரு வகை வெட்டுக்கிளியை ஆராய்ந்து, இரண்டும் ஒரே பூச்சியின் இரு நிலைகள் என்று காட்டினார்.

அவர் சொன்னதன் பயன் விவசாயிக்குத்தான். அதுவரை, வெட்டுக்கிளிப் படை எங்கிருந்தோ வானத்திலிருந்து இறங்கும் சாபம் என்றே எல்லா நாடுகளிலும் கருதப்பட்டது. இப்போது அதற்கு ஒரு பிறப்பிடம் உண்டு, ஒரு தொடக்கம் உண்டு, அந்தத் தொடக்கத்தில் போய்ப் பிடிக்கலாம் என்றாகிவிட்டது.

பிடிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பான கூட்டத்தில் 4 கோடிக்குக் குறையாத பூச்சிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிராம் எடை. நாளொன்றுக்குத் தன் எடையளவு பச்சையைத் தின்னும். அந்த ஒரு கூட்டம் ஒரு நாளில் 35,000 பேருக்குரிய உணவைத் தீர்த்துவிடும். காற்றோடு சேர்ந்து நாளொன்றுக்கு 150 கிலோமீற்றர் வரை பறக்கும். 1988ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்ட கூட்டங்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தையே தாண்டிக் கரீபியன் தீவுகளில் போய் இறங்கின. எகிப்தின் மேல் வந்த வெட்டுக்கிளி வாதையைச் சொல்லும் யாத்திராகமம், கிழக்குக் காற்று அதைக் கொண்டுவந்ததென்றும் மேற்குக் காற்று அதைச் செங்கடலுக்குள் தள்ளியதென்றும் சொல்கிறது. அந்தப் பகுதியை எழுதியவர்களுக்கு இந்தப் பூச்சியின் போக்கு நன்கு தெரிந்திருக்கிறது.

அரபு மணலில் பெய்த மழை

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் மெக்குனு என்ற சூறாவளி அரேபியாவின் தென்பகுதியைத் தாக்கியது. சவூதி அரேபியா, ஓமான், யெமன் ஆகிய நாடுகள் சந்திக்கும் இடத்தில் 'வெற்று நிலம்' என்று அரபு மக்களே பெயரிட்டழைக்கும் பெரும் மணற்பாலை இருக்கிறது. அங்கே மணற்குன்றுகளுக்கிடையில் தண்ணீர் குளம்போலத் தேங்கியது. வழக்கமாக அப்படியான ஈரம் சில மாதங்களில் காய்ந்துவிடும், பூச்சிகளும் மாண்டுபோகும். ஆனால் ஒக்ரோபரில் லுபான் என்ற இன்னொரு சூறாவளி வந்து அதே பகுதியைத் திரும்பவும் நனைத்தது. அந்த ஈரத்தில் மூன்று தலைமுறைகள் பொரித்துப் பெருகின. பாதை இல்லை, ஊர் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. போதாக்குறைக்கு யெமனில் 2015ஆம் ஆண்டு முதல் கடும் யுத்தம். வெட்டுக்கிளியைத் தேடிப் போகவேண்டிய குழுக்கள் போக முடியாத பகுதிகள் அங்கே ஏராளம்.

2019 ஜனவரியில் முதற்கூட்டங்கள் அந்த மணலை விட்டுக் கிளம்பின. ஒரு பகுதி வடக்கே ஈரானுக்குப் போய், அங்கும் நல்ல மழை கிடைத்துப் பெருகி, கோடையில் பாக்கிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான பாலைவனத்தை அடைந்தது. மற்றொரு பகுதி யெமனில் பெருகி, கடலைத் தாண்டி எத்தியோப்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் சென்றது. அந்த வருட முடிவில் சோமாலியாவில் மேலும் ஒரு சூறாவளி. டிசம்பர் கடைசியில் கூட்டங்கள் கென்யாவுக்குள் நுழைந்தன. எழுபது வருடங்களில் கென்யா கண்டிராத படையெடுப்பு அது. வடகிழக்குக் கென்யாவில் அளக்கப்பட்ட ஒரே கூட்டம் 60 கிலோமீற்றர் நீளமும் 40 கிலோமீற்றர் அகலமும் கொண்டதாக இருந்தது. எமது யாழ்ப்பாண மாவட்டம் முழுவதையும் மூடி, அதேயளவு இன்னொரு நிலத்தையும் மூடி, மிச்சமும் இருக்கும் அளவு.

அங்குள்ள கமக்காரர்கள் என்ன செய்தார்கள்? தகரத்தைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள், சீலையை வீசினார்கள், புகை போட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் வயலுக்குள் ஓடி ஓடிக் கத்தினார்கள். சில வேளைகளில் கூட்டம் எழும்பிப் போனது. போனது எங்கே? அடுத்தவனுடைய இறுங்குத் தோட்டத்துக்கு. அங்கும் விரட்டினால் அதற்கடுத்த ஊருக்கு. வயலில் நின்று செய்யக்கூடியது அவ்வளவுதான் என்பதை அந்த மக்களின் வீரத்தைக் குறைத்துச் சொல்வதற்காக நாம் எழுதவில்லை. கூட்டம் வயலுக்கு வந்து சேர்வதற்கு ஒன்றரை வருடம் முன்பே, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், வேறு நாட்டின் மணலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதைச் செய்யாததால் வந்த பாரம் கடைசியில் ஒரு தகரப் பேணியும் தடியும் வைத்திருந்தவர்களின் தலையில் விழுந்தது.

2020 ஜனவரி இறுதியில் பாக்கிஸ்தானும் பெப்ரவரி தொடக்கத்தில் சோமாலியாவும் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தன. ஆபிரிக்கப் பகுதிக்கு உணவு விவசாய ஸ்தாபனம் முதலில் கேட்ட தொகை ஏறத்தாழ 76 மில்லியன் டொலர். பணம் வந்து சேர்வதற்குள் பூச்சி அடுத்த தலைமுறைக்கு முட்டையிட்டுவிட்டது. சில மாதங்களிலேயே கேட்க வேண்டிய தொகை இரு மடங்காகிவிட்டது.

சந்தாப் பிரச்சினை

இது முதல் தரம் நடந்ததென்றால் மன்னிக்கலாம். நாடுகள் ஒன்றுசேர வேண்டும் என்பது எப்போதோ விளங்கிப்போன விடயம். 1939ஆம் ஆண்டிலேயே, பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் வெட்டுக்கிளி எச்சரிக்கை நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டுக் கராச்சியில் அதன் நிலையமொன்று இயங்கியது. லண்டனில் உவாரோவின் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளிலிருந்து வந்த தகவல்களைச் சேர்த்து, எந்த மாதத்தில் எந்தக் காற்று எந்தக் கூட்டத்தை எங்கே கொண்டுபோகிறது என்று வரைபடம் தயாரித்தது. 1955இல் உணவு விவசாய ஸ்தாபனத்தின் கீழ் பாலைவன வெட்டுக்கிளிக் கட்டுப்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. 1962இல் கிழக்கு ஆபிரிக்க நாடுகள் சேர்ந்து தமக்கெனப் பொதுவான ஓர் அமைப்பை உண்டாக்கின. அதற்குச் சொந்தமாக விமானங்களும் இருந்தன. 1964இல் ஆப்கானிஸ்தான், இந்தியா, ஈரான், பாக்கிஸ்தான் ஆகிய நான்கும் ஓர் ஆணைக்குழுவாகச் சேர்ந்தன. மேற்கு ஆபிரிக்காவிலும் 1960களில் இப்படியொரு கூட்டமைப்பு எழுந்தது.

கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மீனவர் சங்கத்திலோ பொருளாளராக இருந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். பூச்சி பறக்கும் வருடத்தில் எல்லோரும் கூட்டத்துக்கு வருவார்கள். பத்து வருடம் பூச்சி இல்லாவிட்டால் சந்தா வராது. "இல்லாத பூச்சிக்கு வாகனம் எதற்கு, ஆள் எதற்கு?" என்று திறைசேரியில் கேட்பார்கள். வாகனம் வேறு வேலைக்குப் போகும். அனுபவமுள்ள அலுவலர் ஓய்வு பெறுவார். அவருடைய இடம் வெற்றிடமாக இருக்கும். மேற்கு ஆபிரிக்கக் கூட்டமைப்பு 1980களில் பணமின்றி நலிந்தது. 1986இல் பெருக்கம் தொடங்கி 1989 வரை நீடித்தது.

அதற்குப் பின் பாடம் படித்து, 1994இல் உணவு விவசாய ஸ்தாபனம் தடுப்புக்கென்றே ஒரு விசேட திட்டத்தைத் தொடங்கியது. செங்கடலைச் சுற்றிய நாடுகளில் அது முதலில் வேரூன்றியது. மேற்கு ஆபிரிக்காவுக்கு அது போய்ச் சேர்வதற்குள் 2003இல் சஹேல் நாடுகளில் பெருமழை பெய்துவிட்டது. 2004 பெப்ரவரியில் கேட்கப்பட்டது 9 மில்லியன் டொலர். உரிய நேரத்தில் அது கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பரில் தேவை 100 மில்லியனாக உயர்ந்தது. 2005இல் எல்லாம் முடிந்தபோது மருந்தடிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 130 இலட்சம் ஹெக்டேயர். செலவு 400 மில்லியன் டொலருக்கு மேல். மொறிற்றேனியா, மாலி, நைஜர் நாடுகளின் குடியானவர்கள் இழந்த கம்பும் இறுங்கும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

புகையிரதம் ஓடாத நிலையத்தில்

இந்தியாவின் ராஜஸ்தானில் முனாபாவ் என்றொரு சிறிய புகையிரத நிலையம் உண்டு. எல்லைக்கு மறுபுறம் பாக்கிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கோக்ராபார். 1965 யுத்தத்தில் இரண்டுக்கும் இடையிலான புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டது. 2006 பெப்ரவரியில்தான் திரும்பவும் வண்டி ஓடியது. 2019 ஓகஸ்டில் மீண்டும் நின்றுபோனது. ஒரே குடும்பத்தின் இரு பாதிகள் இருபுறமும் இருந்துகொண்டு நாற்பது வருடம் காத்திருந்த எல்லை அது.

அந்த எல்லையில், 1970களின் பிற்பகுதி தொடக்கம், இரு நாட்டு வெட்டுக்கிளி அதிகாரிகளும் சந்தித்து வந்தார்கள். ஜூன் முதல் நவம்பர் வரையான மாதங்களில், மாதம் ஒருமுறை, ஒரு முறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம். தார்ப் பாலைவனத்தில் தென்மேற்குப் பருவ மழைக்குப் பின் வெட்டுக்கிளி முட்டையிடும் காலம் அது. சந்தித்து என்ன பேசுவார்கள்? எங்கே எவ்வளவு மழை, எங்கே பச்சை, எங்கே குஞ்சு, எவ்வளவு மருந்தடித்தாயிற்று. வேறொன்றும் இல்லை. அந்த மாதங்களில் ஜோத்பூருக்கும் கராச்சிக்கும் இடையில் வானொலித் தொடர்பும் வைத்திருந்தார்கள். 2019 பெப்ரவரியில் இரு நாட்டு விமானங்களும் வானத்தில் மோதிக்கொண்டன. அந்த வருடக் கோடையிலும் பூச்சி அதிகாரிகளின் சந்திப்பு நின்றுவிடவில்லை.

இதைப் பெரிய சமாதானக் கதையாக்கிச் சொல்ல நாம் விரும்பவில்லை. அந்த அதிகாரிகள் நண்பர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தன் பக்கத்துப் பூச்சியை மற்றவன் பக்கத்துக் காற்று கொண்டுவருகிறது என்பது இருவருக்கும் தெரியும், அதனால் பேசினார்கள். ஈரானும் பாக்கிஸ்தானும் இப்படியே, 1995 முதல், இளவேனிற் காலத்தில் தத்தம் பலுச்சிஸ்தான் பகுதிகளைச் சேர்ந்தாற்போல ஆய்வு செய்யத் தொடங்கின. அங்கே இளவேனிலில் பெருகும் கூட்டமே கோடையில் தார்ப் பாலைவனத்துக்குப் பறக்கிறது.

2020இல் கொரோனாத் தொற்றினால் யாரும் எங்கும் போக முடியாதிருந்தபோது, நான்கு நாடுகளின் வெட்டுக்கிளி அலுவலர்களும் மார்ச் மாதம் முதல் வாரந்தோறும் கணினித் திரை மூலம் கூடினார்கள். ஈரானில் மருந்து பற்றாக்குறை. அப்போது இந்தியா 25 தொன் மலத்தியனை ஈரானுக்கு அனுப்பியது. தன் நாட்டுக் கமக்காரனின் பருத்தியையும் பயறையும் காப்பதற்கு, இரண்டு எல்லை தாண்டியுள்ள வேறொரு நாட்டின் பாலைவனத்தில் அடிக்க மருந்து கொடுத்தது. பாக்கிஸ்தானுக்கும் உதவ முன்வந்தது. அதற்கிடையில் அரசியல் குறுக்கிட்டது. அந்த மருந்து கொஞ்சம் தாமதமாகவே போனது. மே மாதத்திலேயே கூட்டங்கள் ஜெய்ப்பூரைத் தாண்டி மத்தியப் பிரதேசம் வரை வந்துவிட்டன. ஆயினும் அந்த ஆண்டின் பிற்பகுதியில் தார்ப் பாலைவனத்தின் இருபுறமும் குஞ்சுப் பருவத்திலேயே பெருமளவை அழிக்க முடிந்தது. ஆண்டு முடிவில் அப்பகுதி அடங்கிவிட்டது. கிழக்கு ஆபிரிக்காவில் அடங்க இன்னும் ஓராண்டுக்கு மேல் எடுத்தது.

மருந்தும் மனிதரும்

குஞ்சு இறகில்லாமல் நிலத்தில் ஊர்ந்து செல்லும் ஐந்தாறு வாரமே அதை அழிக்கத் தகுந்த காலம். கூட்டம் ஓரிடத்தில் அடர்த்தியாக இருக்கும்; பரப்பு குறைவு; மருந்தும் குறைவு. எமது கமக்காரர் முதுகில் கட்டி அடிக்கும் தெளிகருவியில் மருந்தைத் தண்ணீரில் கலப்பதுபோல அங்கே கலப்பதில்லை. பாலைவனத்தில் தண்ணீர் ஏது? எண்ணெய்த் தன்மையான மருந்தை, ஹெக்டேயருக்கு ஒரு லீற்றரோ அதற்கும் குறைவாகவோ, மிக நுண்ணிய துளிகளாக வாகனத்திலிருந்தும் விமானத்திலிருந்தும் தூவுகிறார்கள்.

இந்த மருந்துகள் நஞ்சுதான். ஒரு காலத்தில் டீல்ட்ரின் என்ற மருந்தைப் பாலைவனத்தில் கீற்றுக் கீற்றாக அடித்து வைத்தார்கள். பல வாரங்களின் பின் அதைக் கடந்துபோன குஞ்சும் செத்தது. மண்ணிலும் கால்நடையின் கொழுப்பிலும் அது ஆண்டுக்கணக்கில் தங்கும் என்று தெரிந்த பின் கைவிட்டார்கள். அடிக்காமல் எஞ்சிய டீல்ட்ரின் பல ஆபிரிக்க நாடுகளின் களஞ்சியங்களில் பீப்பாக்கள் துருப்பிடித்து ஒழுகும்வரை கிடந்தது. வெறும் பீப்பாவைக் கழுவிக் குடிதண்ணீர் நிரப்பிய குடும்பங்களும் உண்டு. முகாம்களில் எண்ணெய்ப் பரலையும் கலனையும் தண்ணீருக்குப் பாவித்த எமது மக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: கிருமிநாசினி இருந்த எந்தக் கொள்கலனும் எத்தனை தரம் கழுவினாலும் தண்ணீருக்கு உதவாது. துளை போட்டு, பாவிக்க முடியாதபடி செய்துவிடுங்கள்.

இன்னுமொரு ஆபத்து, அந்நாட்டு மக்கள் வெட்டுக்கிளியை உண்பது. ஸ்நாபக அருளப்பரின் உணவு அதுதான் என்று சுவிசேஷம் சொல்கிறது. யெமனிலும் அரேபியாவிலும் இன்றுவரை வறுத்து உண்கிறார்கள். மருந்தடித்த கூட்டத்தைத் தெரியாமல் பொறுக்கி உண்டால் விளைவு விபரீதம். அதனால் மருந்தடிக்குமுன் ஊருக்கு அறிவிப்பதும் வேலையின் ஒரு பகுதி.

நஞ்சு இல்லாத வழியும் இப்போது உண்டு. மெற்றாறைசியம் என்ற பூஞ்சணத்தின் வித்துகளை எண்ணெயில் கலந்து தூவினால், அது வெட்டுக்கிளியின் உடலில் முளைத்து உள்ளே வளர்ந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் கொன்றுவிடும். தேனீக்கும் ஆட்டுக்கும் பறவைக்கும் தீங்கில்லை. 1989இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன் இது. 2020இல் சோமாலியாவில் மேய்ச்சல் நிலங்களில் இதைப் பெருமளவில் பாவித்தார்கள். ஆனால் மெதுவாகக் கொல்லும் மருந்து, பூச்சி சிறிதாக இருக்கும்போது, நேரத்தோடு கண்டுபிடித்தவனுக்கே உதவும். வயலில் படை இறங்கிய பின் மூன்று வாரம் யாரால் காத்திருக்க முடியும்?

பார்க்கப்படாத நிலம்

கண்டுபிடிப்பது எப்படி? மேலிருந்து செய்மதிப் படம், மழை பெய்த இடத்தையும் பாலைவனம் பச்சை பூண்ட இடத்தையும் காட்டும். பூச்சியை அது காட்டாது. யாரோ ஒருவர் வாகனத்தில் போய் இறங்கி, நடந்து, பற்றையைத் தட்டிப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஒட்டகம் மேய்ப்பவனிடமும் ஆட்டுக்காரியிடமும், "எங்கே மழை? எங்கே புல்? பூச்சி கண்டாயா?" என்று கேட்க வேண்டும். அலுவலர்கள் கையில் வைத்திருக்கும் சிறிய கருவியில் அந்த விபரத்தைப் பதிந்தால், செய்மதி வழியாகத் தலைநகருக்கும் அங்கிருந்து றோம் நகரத்துக்கும் போகும். றோமில் உள்ள வெட்டுக்கிளித் தகவல் பிரிவு எல்லா நாட்டு விபரத்தையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த ஆறு வாரத்தில் யாருக்கு ஆபத்து என்று மாதந்தோறும் அறிவித்து வருகிறது. கென்யாவில் 2020இல் ஊர் இளைஞர்களையே பழக்கி இப்படித் தகவல் எடுத்தார்கள்.

இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி அந்த நடந்து போகும் மனிதர். யுத்தம் முதலில் அறுப்பதும் அதைத்தான். வட மாலியில் 2012இல் சண்டை மூண்டபோது வெட்டுக்கிளிக் குழுக்களின் வாகனங்களும் கருவிகளும் கொள்ளை போயின. யெமனில் வயலுக்குள் கண்ணிவெடி. சோமாலியாவின் சில பகுதிகளுக்கு அலுவலர் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வரை காணியின் ஓரத்தில் சிவப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இந்த நிலைமை வேற்று நாட்டுச் செய்தியல்ல. உள்ளே என்ன வளர்கிறது என்று தெரியும், போகத்தான் முடியாது.

வெட்டுக்கிளி எமக்கு வராவிட்டாலும் வேறு பூச்சிகள் வந்திருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016இல் மேற்கு ஆபிரிக்காவில் முதன்முதல் காணப்பட்டது. இரண்டு வருடத்தில் அக்கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியது. 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடகாவில் கண்டார்கள். அதே வருடப் பெரும்போகத்தில் அம்பாறை, அனுராதபுரப் பகுதிச் சோளத்தை அது அரித்துக்கொண்டிருந்தது. எமது மக்கள் அதற்குச் சேனா படைப்புழு என்று பெயர் வைத்தபோதே அது குருத்துக்குள் இறங்கிவிட்டது. கர்நாடகாவில் கண்ட நாளுக்கும் எமது சோளம் விதைத்த நாளுக்கும் இடையில் நான்கைந்து மாதம் இருந்தது. அந்த மாதங்களில் எத்தனை கமக்காரருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது?

ஆகவே, உங்கள் தோட்டத்தில் முன்பு காணாத பூச்சி கூட்டமாகத் தென்பட்டால் முதலில் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். நாலைந்தைப் பிடித்துப் போத்தலில் அடைத்து, கண்ட நாளையும் இடத்தையும் எழுதி, கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கொடுங்கள். பக்கத்துக் காணிக்காரர் இன்னும் திரும்பி வரவில்லையென்றால் அவருடைய காணியின் ஓரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வெடி ஆபத்து நீங்கிய காணியாக இருந்தால் மட்டும். பூச்சி ஒன்றும் இல்லையென்றாலும் "பார்த்தேன், இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

றோமுக்கு வரும் அறிக்கைகளிலும் இதற்கு இடமுண்டு. பாலைவனத்தில் நாள் முழுக்க அலைந்து ஒரு பூச்சியும் காணாமல் திரும்பிய குழுவும் அதை எழுதி அனுப்புகிறது. வேறு சில பகுதிகளுக்கு நேரே, தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டும் இருக்கும். வரைபடத்தின் முன்னால் இருப்பவர்கள் "வெட்டுக்கிளி இல்லை" என்ற வரியை வாசித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். "தகவல் இல்லை" என்ற வரியில்தான் நெடுநேரம் நிற்பார்கள்.